ஸ்ட்ரவுடா, காஃபா? 2024இல் நான் எடுத்த குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்தில் நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி சேரும் விளையாட்டுதான் ஃபேண்டஸி லீக். 2024 சீசனுக்கு முன் எங்கள் லீகில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக சி.ஜே. ஸ்ட்ரவுடை விட்டுவிட்டு ஜேரட் காஃபை எடுத்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்ததில் நியாயமும் இருந்தது. ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஸ்ட்ரவுட் எறிந்தது 4,108 யார்டு, 23 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), வெறும் 5 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). டாம்பா பே அணிக்கு எதிராக 470 யார்டு எறிந்து, 6 விநாடி மிச்சமிருக்கையில் பந்து பிடிக்கும் ரிசீவர் டாங்க் டெல்லுக்குப் போட்ட கடைசிப் பந்தில் ஆட்டத்தையே வென்றார். கைத்திறனில் காஃப் அவருக்குக் கீழேதான். ஓடிப் புள்ளி சேர்ப்பதில் இருவரிடமும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்கு முடிவைச் சொன்னது குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் அந்த ஐந்து பேர், அஃபென்சிவ் லைன். காஃபின் அணியான டெட்ராய்ட் லயன்ஸில் அப்போது நடுவே ஃபிராங்க் ராக்னோ, வலப்பக்கம் பெனெய் சூவல். டெக்சன்ஸின் நடு மூன்று இடங்களோ, அதாவது சென்டரும் அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளும், ஓட்டை. ஓரத்திலிருந்து ஒருவன் பாய்ந்தால் ஒரு அடி முன்னே வைத்துத் தப்பிக்கலாம், நடுவிலிருந்து வந்தால் முகத்துக்கு நேரே வருவான், அந்த ஒரு அடி வைக்கவே இடமிருக்காது. அதோடு முதல் ஆண்டு வீடியோவை எதிரணிகள் கோடை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கும். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் குறுக்கே குறுக்கே புகுந்தால் ஹூஸ்டன் கார்டுகள் யாரைப் பிடிப்பது என்று முழிக்கிறார்கள் என்பது 2024இல் ஊருக்கே தெரிந்துபோனது. ஸ்ட்ரவுட் பந்தை எறியும் முன்பே 52 முறை சாய்க்கப்பட்டார், 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். காஃப் 37 டச்டவுன். ஹூஸ்டன் ரிசீவர்கள் ஸ்டெஃபான் டிக்ஸும் டெல்லும் காயப்பட்டதும் ஒரு காரணம், எல்லாப் பழியையும் லைன் தலையில் போட முடியாது.

காஃபின் கதையே இதற்குச் சாட்சி. 2016இல் புது வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வாகி, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காகத் தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோற்றார், 'வீண் தேர்வு' என்று அப்போதே எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார், இடது ஓரத்தைக் காக்க ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார், அணி 11 வெற்றி, 5 தோல்வி. பையன் அதே பையன்தான்.

அதற்காகக் காஃபைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. 2024 நவம்பரில் அதே ஹூஸ்டனில் 5 இன்டர்செப்ஷன் கொடுத்தார். லயன்ஸ் எப்படியோ 26-23 என்று வென்றுவிட்டது, என் புள்ளிக் கணக்குதான் பாழ்.

இதெல்லாம் ஒரு சீசன் கணக்கு. வீரரை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளும் லீகில் நான் ஆடியதில்லை. காஃபைவிட 7 வயது இளையவர் என்பதால் அங்கே ஸ்ட்ரவுடைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன். அப்போதும் முதல் ஆண்டு மாதிரியே ஆடுவார் என்று விலை கேட்டால் கொடுக்கமாட்டேன், கார்டு இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேரம்.