அமெரிக்கக் குடியுரிமைப் பயிற்சி என்று நம்பிப் போய் 46,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று மாலைதான் அந்த மாடிப்படியில் கடைசியாக இறங்கி வந்தேன். ஊருக்கு வந்த இடத்தில், திரும்பிப் போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் என்னைப் போல இன்னும் பலர் ஏமாறக்கூடும். அதனால் ஆறப்போடாமல் இப்போதே எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. வயது 63. மகன் மூலம் கிரீன் கார்டு கிடைத்து 2020 தொடக்கத்திலிருந்து நியூஜெர்சியில் இருக்கிறேன். ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள் நான். அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். என் வயதுக்கு ஆங்கிலத்தில் விலக்கு வேண்டுமென்றால் கிரீன் கார்டோடு பதினைந்து ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். மகன் வேலையிலிருந்து களைத்து வருவான். அவனிடம் பாடம் கேட்க மனம் வராது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது செய்தித்தாளுக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. குடியுரிமைத் தேர்வுப் பயிற்சி, ஆவணங்கள், விண்ணப்பம், எல்லாம் தமிழிலேயே. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்தேன். செல்போன் கடைக்கு மேல், முதல் மாடியில் ஒரு சிறிய அலுவலகம்.

நம்பிய அந்த நிமிடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. மேசைக்குப் பின்னால் வடிவுடையம்மன் படம், அன்று காலை சாத்திய பூ. அலுவலகத்தை நடத்துபவன், பௌர்ணமி தவறாமல் மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பதாகச் சொன்னான். காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயல். நானும் என் கணவரும் எத்தனை வருடம் அப்படிப் போயிருக்கிறோம்! என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கள் பிள்ளையிடம் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றான். தம்பி, தம்பி என்று கூப்பிட்டு அன்றே 20,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். மறுவாரம் 26,500 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். மொத்தம் 46,500. என் கணவர் விட்டுப்போன வைப்புத்தொகையிலிருந்து எடுத்த பணம்.

பயிற்சி என்பது ஆறு வகுப்பும் ஒரு நகலெடுத்த புத்தகமும்தான். அதில் நூறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியானதை டிக் செய்ய வேண்டும். வீடியோ அழைப்பில் பேரனிடம் காட்டினேன். "பாட்டி, இதில் இன்னும் பைடன்தான் ஜனாதிபதியாக இருக்கிறார்" என்றான். அப்புறம் மகன் பார்த்துச் சொன்னான். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய தேர்வு. கேள்விகள் 128. அவற்றில் இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். டிக் செய்வதெல்லாம் கிடையாது, அதிகாரி வாயால் கேட்பார், நாமும் வாயால் சொல்ல வேண்டும். நான் மாதம் முழுக்க மனப்பாடம் செய்தது பழைய பட்டியல். புதிய பட்டியலோ விடைகளோடு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆவணத்திலும் இதே கதை. எங்கள் திருமணச் சான்றிதழை மொழிபெயர்க்க 6,000, அப்போஸ்டில் முத்திரைக்கு, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரைக்கு, 9,000. அப்போஸ்டிலுக்கு வெளியுறவுத் துறையின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். அதுவும் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லை. மொழிபெயர்த்தவர் இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரி என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

பணத்தைவிட என்னை எரித்தது வேறொன்று. அவன் நிரப்பிய படிவத்தை அண்ணன் மகள் வாசித்துப் பார்த்தாள். "அத்தை, 2023இல் நீங்கள் இங்கே இருந்தது இதில் இல்லையே?" என்றாள். 2023 ஜூனில் என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி ஊர் வந்தோம். நவம்பரில் போய்விட்டார். காரியங்களை முடித்து 2024 ஜனவரியில் தனியாகத் திரும்பினேன். அந்த ஏழு மாதத்தையும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், குடியுரிமைக்காக அங்கே தொடர்ந்து வசித்தது முறிந்துவிட்டதாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். முறியவில்லை என்று வீடு, குடும்பம், வரிக் கணக்கு எல்லாம் காட்டி நாம்தான் நிரூபிக்க வேண்டும். மறைத்தால் அது பொய். கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது, படிவத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கும், அகப்படுவது நான். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. என் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாட்களை இல்லை என்று எழுத இவன் யார்?

கேட்கப் போனேன். "சின்ன விஷயம் அம்மா, எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம்" என்றான். இரண்டாம் முறை, சார் டெல்லிக்குப் போயிருக்கிறார் என்று அலுவலகத்திலிருந்த பெண் சொன்னாள். உள்ளே அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை, கணக்குப் பிரிவில் பேசுங்கள் என்று ஒரு எண் கொடுத்தார்கள். பதினோரு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. நேற்று ரசீதைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் பொடி எழுத்தில், பணம் திருப்பித் தரப்படாது என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. ஆங்கிலம் வராது என்று அழுதுகொண்டு வந்தவளிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருக்கிறான். 46,500 ரூபாய்!

விவரமாகச் சொல்வதாக எழுதினேன், இப்போது மனம் ஓடவில்லை. மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியவர்கள் அமெரிக்காவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் மட்டும் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன்.

எங்கள் திருமணச் சான்றிதழின் மூலப்பிரதி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு மறுபடி அந்தப் படியேறப் போகிறேன்.