புளோரிடா வீட்டுக் காப்பீடு: பழைய ஆய்வறிக்கையா, புது ஆய்வா?

புளோரிடாவில் வீட்டின் காற்றுத்தாங்கு திறனை '1802' படிவத்தில் ஆய்வாளர் பதிந்து தந்தால், பிரீமியத்தின் புயல்காற்றுப் பகுதியில் தள்ளுபடி உண்டு. அறிக்கை அதிகபட்சம் 5 ஆண்டு செல்லும்.

வீட்டில் எதையும் மாற்றவில்லை, அறிக்கைக்கும் வயதாகவில்லை என்றால் பழையதே போதும். செலவில்லை. ஆனால் கூரையை மாற்றிய பிறகும் அதையே வைத்திருப்பது, கையில் வரும் பணத்தை வேண்டாம் என்பது போல. புதுக் கூரையில் ஓட்டுக்கு அடியிலுள்ள பலகைகளின் இடுக்குகளைப் பெரும்பாலும் ஒட்டுப்பட்டையால் மூடியிருப்பார்கள். ஓடு பறந்தாலும் தண்ணீர் எளிதில் இறங்காது. அதற்குத் தனிச் சலுகை உண்டு, பழைய தாளில் அது இருக்காது.

புது ஆய்வுக்குப் பெரும்பாலும் 100 டாலரை ஒட்டித்தான் ஆகும். ஆய்வாளர் பரணுக்குள் தவழ்ந்து, கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டையின் ஆணிகளை எண்ணுவார். குறைந்தது மூன்று வேண்டும். இரண்டுதான் என்றால், பட்டை இருந்தும், பட்டையே இல்லாமல் சாய்வாக ஆணி மட்டும் அடித்த கூரைக் கணக்குத்தான்! மூன்றாவதை அடித்துவிட்டு அவரைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம்.

அப்புறம் ஷட்டர், அதாவது புயலில் ஜன்னலைக் காக்கும் மூடி. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் விட்டுப்போனாலும் முழுச் சலுகை கிடைக்காது. அதற்கும் ஷட்டர் போடும்வரை புது ஆய்வுக்குக் காத்திருக்கலாம். கூரை மாறியிருந்தால் மட்டும் நான் காத்திருக்க மாட்டேன்.