மோவெம்பர்: வழித்த மீசையும் வசூலான 640 டாலரும்

நவம்பர் முதல் தேதி காலையில், இருபத்தாறு ஆண்டுகளாக என் மேலுதட்டில் இருந்த மீசையை வழித்துவிட்டு, அன்றிரவு திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் அம்மா சில நொடிகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னல இது கோலம்? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் மகன்தான் மீசையை எடுப்பான். என் அப்பாவோ அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அதுக்குள்ள எதுக்குல எடுத்த?" என்று அவர் கேட்டபோது, சிரித்து முடிக்கவே எங்களுக்கு நேரம் பிடித்தது. புற்றுநோய்க்காகப் பணம் திரட்டுகிறோம் என்று நான் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்று, யாருக்குப் புற்றுநோய், எந்த இடத்தில், எப்படித் தெரியும் என்று கேள்விகள் வரத் தொடங்கின. மோவெம்பர் இயக்கம் விற்கிற பொருள் அந்தக் கேள்விகள்தான் என்பது ஒரு மாதம் அதில் இருந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

மெல்பர்னுக்குக் குடிவந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான், இந்த ஊரிலேயே பிறந்த மோவெம்பரில் சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. நவம்பர் மாதம் முழுவதும் மீசை வளர்த்து, அதைப் பார்ப்பவர்களிடம் ஆண்களின் உடல்நலத்துக்காக நன்கொடை கேட்பதே அதன் ஏற்பாடு. ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் மீசைக்கு 'மோ' என்று பெயர். அதையும் நவம்பரையும் ஒட்டி வந்ததே மோவெம்பர். 2003-இல் ஃபிட்ஸ்ராய் பகுதியின் ஒரு மதுக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்த டிராவிஸ் கரோன், லூக் ஸ்லாட்டரி என்ற இரு நண்பர்கள், வழக்கொழிந்துபோன மீசையைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று விளையாட்டாகப் பேசி, முப்பது பேரைச் சேர்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக நிதி திரட்டிய ஒரு நண்பரின் தாயாரைப் பார்த்துத்தான், ஆண்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்திருக்கிறது. மறு ஆண்டே 450 பேர் சேர்ந்து 54,000 டாலர் திரட்டி, ஆஸ்திரேலியாவின் புரோஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். இன்று அது பல நாடுகளில் நடக்கும் பெரிய அறநிறுவனம். புரோஸ்டேட் புற்றுநோய், விரைப் புற்றுநோய், ஆண்களின் மனநலமும் தற்கொலைத் தடுப்பும் ஆகிய மூன்றும் அதன் வேலைகள்.

சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் பெயரைப் பதிந்தால் நமக்கென்று ஒரு பக்கம் கிடைக்கிறது. அதில் படம் போட்டு, எவ்வளவு திரட்டப் போகிறோம் என்று ஓர் இலக்கை எழுதி, அந்தச் சுட்டியைத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டியதுதான். நான் 500 டாலர் என்று எழுதினேன். விதிகள் சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்டிருந்தாலும் கறாரானவை. முதல் தேதி முகம் மழமழவென்று இருக்க வேண்டும். மீசை கிருதாவோடு சேர்ந்தால் அது தாடி, நுனிகள் முகவாயில் கூடினால் அது ஆட்டுத்தாடி, இரண்டும் செல்லாது. மாதம் முழுவதும் கனவானாக நடந்துகொள்ள வேண்டும் என்பதும் ஒரு விதி. கார்த்திகை முதல் தேதி நவம்பர் நடுவில் வருவதால், மாலை போட்டுச் சவரம் செய்யாமல் விரதமிருக்கும் ஐயப்ப பக்தர்களுக்கு இது ஒத்துவராது. என் தம்பி அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் தப்பித்தான்.

மீசை இல்லாத ஊரில் மீசை வளர்ப்பது வேடிக்கை என்ற எண்ணத்தில் உருவான திட்டம் இது என்பதைக் கவனிக்க வேண்டும். மீசை வைத்தே பழகிய நம் ஆட்களுக்கு அதன் முதல் பாதிதான் சோதனை. வழித்த முகத்தோடு அலுவலகம் போனபோது, மூன்று ஆண்டுகளாகப் பக்கத்து மேசையில் இருப்பவர் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்து எனக்குக் கைகொடுத்தார். பத்தாம் நாள் வாக்கில், பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் வந்த பையனைப் போல இருந்தேன். வளர்ந்த முடியில் பாதிக்கு மேல் நரை என்பதுதான் நான் எதிர்பாராதது. பழைய மீசைக்கு மாதம் இருமுறை சாயம் அடித்துவந்த இரகசியம் அம்பலமாக, அதைக் கேலி செய்ய வந்தவர்கள் எல்லாரும் பத்து, இருபது டாலர் போட்டுவிட்டே போனார்கள். கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த எங்கள் மேற்பார்வையாளருக்கு நாற்பது ஆண்டு மீசை. அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, எடுக்காமல் இருப்பதற்கு அபராதமாக ஐம்பது டாலர் கட்டினார். நன்கொடை கொடுப்பவர்கள் அதற்கு வரிவிலக்குப் பெறலாம் என்பதும் இங்கே நன்கொடை கேட்பதை எளிதாக்குகிறது. மாத முடிவில் 640 டாலர் சேர்ந்திருந்தது.

பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்காவது புரோஸ்டேட் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அக்டோபர் வரை எனக்கும் சரியாகத் தெரியாது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சிறிய சுரப்பி அது. சாதாரணத் தோல் புற்றுநோய்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஆஸ்திரேலிய ஆண்களிடம் மிக அதிகமாகக் கண்டறியப்படுவது அதில் வரும் புற்றுநோய்தான். தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதால், ஐம்பது வயதானவர்களும், தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ அந்நோய் வந்திருந்தால் நாற்பத்தைந்து வயதிலேயும், புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள் என்று இயக்கம் சொல்கிறது. 'பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஒரேயடியாகச் சொல்லாமல் 'பேசுங்கள்' என்று சொல்வதை நான் மெச்சுகிறேன். சுரப்பி வெறுமனே வீங்கினாலும், கிருமித்தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. அளவு கூடும். காலத்துக்கும் தொந்தரவு தராத மந்தமான கட்டியைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யப் போய், சிறுநீரை அடக்க முடியாமலும் ஆண்மை குறைந்தும் அவதிப்படுபவர்கள் உண்டு. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012-இல் இந்தப் பரிசோதனையை எல்லாருக்கும் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்து, 2018-இல்தான் 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு கலந்து தாமே முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. இத்தனை நுணுக்கத்தையும் ஒரு மீசை தாங்காது. சுவரொட்டியில் மீசைதான் தெரிகிறது. மற்றதை நாமே தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

விரைப் புற்றுநோய் பற்றிய பகுதியில்தான் இவர்களுடைய நகைச்சுவை முழுதாகப் பயன்படுகிறது. பதினைந்து முதல் நாற்பது வயதுக்குள்ளான இளைஞர்களை அதிகம் தாக்கும் நோய் அது; காலத்தில் கண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். வெந்நீரில் குளித்த பிறகு பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் விரைகளை ஒவ்வொன்றாக மெல்ல உருட்டிப் பார்த்து, கட்டியோ வழக்கத்துக்கு மாறான பருமனோ வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதை என் பதினேழு வயது மகனிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பா என்னிடம் சொன்னதும் இல்லை. 'நோ தை நட்ஸ்' (Know Thy Nuts) என்ற தலைப்பில் அவர்கள் தயாரித்திருக்கும் விளக்கப்படத்தை அவனுக்கு அனுப்பினேன். பருப்புக்கும் அந்த உறுப்புக்கும் ஆங்கிலக் கொச்சையில் ஒரே சொல் என்பதுதான் அதன் சிலேடை. தமிழிலும் 'கொட்டை' என்ற சொல் அதே இரட்டை வேலையைச் செய்வதால், அதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. மகன் தன் அறையிலிருந்து உரக்கச் சிரித்தான். படித்தான் என்பதற்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுடனான அந்த முதல் அழைப்பின் தொடர்ச்சி ஒரு வாரம் கழித்து வந்தது. சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி நாலு தடவ எந்திரிக்கேன்டா, இதுவும் அந்தச் சுரப்பிதானா?" என்று கேட்டார். அறுபத்து மூன்று வயதுக்காரர் அதைச் சித்தியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சிறுநீரகவியல் மருத்துவரிடம் போனார். வயதானால் வருகிற சாதாரண வீக்கம்தான் என்று தெரிந்து, மாத்திரையோடு திரும்பினார். மீசை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று நான் கதை விடப் போவதில்லை. ஆனால் அந்த மீசை அங்கே இல்லாமல் போயிருக்காவிட்டால் அவர் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.

குறை என்று பார்த்தால் மூன்று நோக்கங்களையும் ஒரே உண்டியலில் போட்டிருப்பதைச் சொல்வேன். மீசை வளர்க்க முடியாதவர்களுக்கும், மோ சிஸ்டர் என்று அழைக்கப்படும் பெண்களுக்கும் மாதத்தில் 60 கிலோமீட்டர் நடக்கவோ ஓடவோ ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் மணிக்கு அறுபது ஆண்கள் தற்கொலையால் இறப்பதை நினைவூட்டும் எண் அது. என் மனைவி டாண்டினாங் ஓடைக்கரைப் பாதையில் நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் அலட்டாமல் முடித்துவிட்டார். நோக்கம் நல்லதே. ஆனால் அவருக்குப் பணம் கொடுத்த தோழிகள் பலரும் அதைப் புற்றுநோய்க்கு என்றே நினைத்தார்கள் என்பதால், அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியிருந்தது. யார் அதிகம் திரட்டினார்கள் என்று வரிசைப்படுத்தும் பட்டியலும் எனக்குப் பிடிக்கவில்லை; எங்கள் அலுவலகக் குழுவில் கடைசி வாரம் நோயைப் பற்றிய பேச்சு அடங்கி, அந்தப் பட்டியலைப் பற்றிய பேச்சே மிஞ்சியது.

இரத்தப் புற்றுநோய்க்காக லுகீமியா அறக்கட்டளை 1998 முதல் நடத்திவரும் 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் ஷேவ்' நிகழ்ச்சியில் மொட்டை போட்ட நண்பர் ஒருவர், ஒரே நாளில் முடிகிற அதுதான் எளிது என்கிறார். எளிதுதான். ஆனால் தமிழன் மொட்டையோடு வந்தால் பழநியா திருப்பதியா என்று கேட்பார்களே தவிர, நோயைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மீசை போனால் காரணம் கேட்காமல் ஒருவரும் விடமாட்டார்கள் என்பதாலும், அது திரும்ப வளரும் முப்பது நாளும் அந்தக் கேள்வி தொடர்வதாலும், நம்மவர்களுக்கு மோவெம்பரையே பரிந்துரைப்பேன். சேர நினைப்பவர்கள் அக்டோபரிலேயே பதிந்து, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டிசம்பர் முதல் தேதி மீசையை எடுத்துவிடலாம் என்பது விதி. நான் எடுக்கவில்லை. அன்றிரவு வீடியோவில் பார்த்த அம்மா, "மீச இருக்கட்டும்யா, மைய மட்டும் அடிச்சிரு" என்றார், இன்னும் அடிக்கவில்லை.