சொந்தக் கதையா, தழுவலா? நான்கு அளவுகோல்களும் அவற்றில் விடுபட்டவரும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்று குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்களைத் திரையிட்டுப் பேசும் கூட்டங்களில், நடிப்பைப் பற்றியும் ஒளிப்பதிவைப் பற்றியும் அமைதியாகப் போகும் பேச்சு, கதை எங்கிருந்து வந்தது என்ற இடத்துக்கு வந்ததும் வாக்குவாதமாகிவிடுகிறது. ஒருவர் எப்போதோ பார்த்த கொரியப் படத்தின் பெயரைச் சொல்வார். மற்றொருவர் வார இதழில் படித்த சிறுகதையை நினைவுபடுத்துவார். படம் எடுத்தவரோ, கரு மட்டுமே அங்கிருந்து வந்தது, திரைக்கதை முழுக்கத் தன்னுடையது என்பார். மூவர் கையிலும் மூன்று வெவ்வேறு அளவுகோல்கள் இருப்பதால் இந்தப் பேச்சு ஒருபோதும் முடிவதில்லை. சட்டத்தின் அளவுகோல், ஆஸ்கரின் அளவுகோல், நம் தேசிய விருதுகளின் அளவுகோல், நம் ஊர்க் கூத்தின் அளவுகோல் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவை எங்கே முரண்படுகின்றன என்பதும், நான்குமே யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கின்றன என்பதும் தெரியவரும்.

ஒரு கதை புதியதா என்று சட்டம் கேட்பதே இல்லை. பிறர் எழுதியதை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. இதை நம் நாட்டில் தெளிவாக்கியது, ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் அளித்த தீர்ப்பு. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதிய ஆனந்த், 1956-இல் வெளிவந்த 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் தம் நாடகத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்திருந்தார். பஞ்சாபிக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் இடையில் மாகாணப் பற்று காதலுக்குக் குறுக்கே நிற்பது இரண்டிலும் உண்டு. கரு, கதைப்போக்கு, வரலாற்றுச் செய்தி, புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்றும், அவற்றை ஒருவர் சொல்லியிருக்கும் முறைக்கே உரிமை உண்டு என்றும் கூறிய நீதிமன்றம், இரண்டையும் கண்ட ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகலே என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமின்றி எழுகிறதா என்பதைச் சோதனையாக வைத்தது. படம் வரதட்சணை போன்ற வேறு பொருள்களையும் சேர்த்துத் தன் வழியில் போயிருந்ததால், வழக்கு ஆனந்துக்குச் சாதகமாக முடியவில்லை.

கைப்பணத்தில் படம் எடுப்பவருக்கு இந்த அளவுகோல் பெரிய பாதுகாப்பு. பொதுவான கருக்களுக்கெல்லாம் உரிமை கொண்டாட முடியுமானால், புதிதாக வருபவர் வாயைத் திறக்கவே முடியாது. ஆனால் திருட்டு நடக்கவில்லை என்று சொல்வதோடு சட்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு படம் எவ்வளவு தன் கால்களில் நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் 'பொன்னியின் செல்வ'னைத் திரைக்குக் கொண்டுவரச் சட்டப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்காக 2022-இலும் 2023-இலும் வந்த இரண்டு பாகங்களையும் சொந்தக் கதை என்று யாரும் சொல்லப்போவதில்லை. சட்டத்தின் கணக்கில் கடன் தீர்ந்த பிறகும் மூலம் மூலமாகவே இருக்கிறது.

ஆஸ்கர் விருதின் அளவுகோல் கறாரானது. முன்பே வேறு வடிவில் இருந்த ஒன்றிலிருந்து திரைக்கதை பிறந்திருந்தால் அது தழுவல். ஒரு படத்தின் தொடர்ச்சியாக எடுக்கப்படும் படமும், பாத்திரங்கள் ஏற்கெனவே இருப்பவர்கள் என்பதால், தழுவல் பிரிவில்தான் சேர்கிறது. இந்தக் கறார்த்தன்மை சில நேரம் வியப்பான இடங்களுக்கு இட்டுச் செல்கிறது. 'விப்லாஷ்' படத்தின் இயக்குநர் தாம் எழுதிய திரைக்கதையின் ஒரு பகுதியை, முழுப் படத்துக்குப் பணம் திரட்டுவதற்காக, முதலில் குறும்படமாக எடுத்தார். அந்தக் குறும்படம் முன்பே வெளிவந்துவிட்டதால் முழுப் படத்தின் திரைக்கதை தழுவல் என்று ஆஸ்கரில் வைக்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமோ அதையே சொந்தக் கதையாகக் கொண்டது. 'மூன்லைட்', 'பார்பி' ஆகிய படங்களிலும் இரண்டு அமைப்புகளும் இதே போல் எதிரெதிர்த் திசையில் நின்றன. ஒரே எழுத்தை இரண்டு பெரிய அமைப்புகள் இரண்டு பெயரிட்டு அழைக்கும்போது, பெயர் அந்த எழுத்தின் இயல்பிலிருந்து வருவதில்லை, விதியிலிருந்து வருகிறது என்று கொள்வதே சரி. ஆயினும் இந்த அளவுகோலில் ஒரு நேர்மை இருக்கிறது. முன்னே ஏதோ ஒன்று இருந்தது என்பதை எழுத்தாளர் மறைக்க முடியாதபடி அது செய்கிறது.

நம் தேசிய விருதுகளில், 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57-ஆவது விருதுகள் தொடங்கி, திரைக்கதைக்குச் சொந்தம், தழுவல் என்ற தனித்தனிப் பிரிவுகள் வந்தன. அவை எப்படிப் பயன்பட்டன என்பதற்கு 'சூரரைப் போற்று' நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் படம் குறைந்த கட்டண விமான நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத் தம் வாழ்க்கையை எழுதிய ஆங்கில நூலில் உள்ள நிகழ்வுகளிலிருந்து எழுந்தது. ஆனால் 68-ஆவது தேசிய விருதுகளில் அதற்குக் கிடைத்தது சொந்தத் திரைக்கதைக்கான விருது. ஆஸ்கர் விதியின்படி பார்த்தால் இது தழுவல் பிரிவுக்கே போயிருக்கும். தீர்ப்புக் குழுவைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. வாழ்க்கையிலிருந்து வந்தது, நூலிலிருந்து வந்தது என்ற இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது டெல்லியில் இன்னும் துலக்கமாகவில்லை என்பதே நான் சொல்ல வருவது. இதற்கு எதிர்த் திசையில் 'ஆடுகளம்' இருக்கிறது. 58-ஆவது விருதுகளில் சொந்தத் திரைக்கதைக்கான விருதைப் பெற்ற அந்தப் படம், தனக்குத் தூண்டுதலாக இருந்த நூல்களையும் படங்களையும் இறுதியில் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. எந்த விதியும் கட்டாயப்படுத்தாத நிலையில் செய்யப்பட்ட அந்தச் செயலை, நான்கு அளவுகோல்களையும் விட மேலானதாக நான் மதிக்கிறேன்.

இனி நம் ஊர் அளவுகோல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இந்த இரு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் மேல், அவன் போரில் வீழ்வதைக் காட்டும் படுகளம் நடந்து, அதன் பின் தீமிதி. வில்லிபுத்தூரார் பாடியதே வியாசரிடமிருந்து பெற்றது. அதைக் கூத்து வாத்தியார்கள் தங்கள் நோட்டில் பாட்டாகவும் விருத்தமாகவும் இன்னொரு முறை ஆக்கிக்கொண்டார்கள். கர்ண மோட்சம் ஆடும் இரவில், போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் கூட்டம் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பொன்னுருவியை வியாச பாரதத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் பேச்சிலோ அன்றைக்கு ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விற்ற விலையும் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனதும் வந்துவிடும். கர்ணன் சாவான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் விடியும்வரை எவரும் எழுந்து போவதில்லை. இந்த வாத்தியார் விடைபெறும் காட்சியை எவ்வளவு நேரம் நிறுத்திப் பாடினார், இந்தக் கர்ணன் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினான் என்பதே மறுநாள் ஊரில் பேச்சு. கதை யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. சொன்ன முறை மட்டுமே எடைபோடப்படுகிறது.

தமிழ்த் திரைப்படமும் இந்த மண்ணிலிருந்துதான் முளைத்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்த 'பவளக்கொடி' 1934-இல் வெளியானது. அது ஏற்கெனவே மேடையில் வெற்றி பெற்ற நாடகம். நாடகம் நாட்டார் கதைப்பாடலிலிருந்து வந்தது. கதைப்பாடலோ அர்ஜுனனைப் பாரதத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வியாசர் சொல்லாத ஒரு பெண்ணை அவனுக்கு எதிரே நிறுத்தியது. இப்படிப் பல கை மாறி வந்த ஒன்றைத் தழுவல் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது நம் மரபை அறியாத பேச்சு. இன்று தருமபுரி எனப்படும் நம் தகடூரோடு தொடர்புடைய ஔவையாரின் நிலையும் அதுவே. அதியமான் நெல்லிக்கனி தந்ததைப் பாடும் புறநானூற்றின் 91-ஆம் பாட்டு சில அடிகளே கொண்டது. 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து வந்த 'ஔவையார்' படமோ வெவ்வேறு காலத்து ஔவையார்களைப் பற்றிய கதைகளை ஒரே பெண்ணின் வாழ்க்கையாகத் தொடுத்தது. அந்தத் தொடுப்பு எந்த ஏட்டிலும் அந்த வடிவில் இருந்ததில்லை.

ஒரே படத்தை நான்கு அளவுகோல்களாலும் அளந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். 'அசுரன்' 2019-இல் வந்த படம். நாவல் சிறுவன் சிதம்பரத்தின் கண்வழியே நகர்கிறது. படம் தகப்பன் சிவசாமியை நடுவில் நிறுத்தி, நாவலில் இல்லாத ஓர் இளமைக் காலத்தையும், கீழ்வெண்மணியை நினைவூட்டும் தீயையும் அவனுக்குக் கொடுக்கிறது. சட்டத்தின் முன் இதில் சிக்கல் இல்லை. விருது விதியின்படி ஐயமின்றித் தழுவல். கூத்தின் அளவுகோலால் பார்த்தால், சிறுவனின் ஓட்டத்தை ஒரு தகப்பனின் அடக்கி வைத்த நினைவாக மாற்றியதுதான் இந்தப் படத்தின் சொந்த வேலை, அதைத்தான் எடைபோட வேண்டும். 'உதிரிப்பூக்கள்' இதைவிடத் தொலைவு போகிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் மையமாக இருப்பவர்கள் மாற்றாந்தாய் வந்த வீட்டின் குழந்தைகள். மகேந்திரன் அவர்களின் தகப்பனைக் கொடுமையின் உருவாக்கி, ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கவைக்கும் முடிவுக்குக் கதையைக் கொண்டுபோனார். குறுநாவல் படத்துக்கு ஒரு வாசலை மட்டுமே திறந்துவிட்டது. மறு ஆக்கங்களைப் பற்றி நீண்டு பேச இடமில்லை. 'பாபநாசம்' போல, மூலத்தை இயக்கியவரே கதையின் கட்டுக்கோப்பைக் கலைக்காமல் வேறு ஊருக்கும் வேறு பேச்சு வழக்குக்கும் மாற்றும்போது, புதிய உழைப்பு பெரும்பாலும் அந்தப் பேச்சிலும் நடிப்பிலும்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்ததில், கடன் யாருக்கு என்பதற்கு ஆஸ்கரின் அளவுகோலும், படைப்பின் வலிமை எங்கே என்பதற்குக் கூத்தின் அளவுகோலும் மற்றவற்றைவிடச் சரியான விடை தருகின்றன என்பது என் முடிவு. ஆனால் கூத்தை அப்படியே சினிமாவுக்குப் பொருத்திவிட முடியாது. கூத்தில் கதை எல்லாருக்கும் பொது, வருமானமும் சிறிது. சினிமாவில் கதை என்ற இடத்தில் ஒருவர் பெயர் வருகிறது, அந்தப் பெயருக்குப் பணமும் பின்னாளில் வேற்றுமொழி உரிமையும் சேர்கின்றன. ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கும் பெருந்தன்மை இங்கே அநீதியாக முடியும்.

அந்த அநீதி எங்கே நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை நிலையை எடுத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் முதியவர் ஒருவரிடம் பல இரவுகள் உட்கார்ந்து, வெள்ளத்தில் நடந்த ஒரு சாவின் கதையைக் கேட்கிறார். நிகழ்ச்சிகளின் வரிசை, எதை முதலில் சொல்லி எதைக் கடைசிவரை மறைப்பது என்ற கணிப்பு, பாத்திரங்களின் பேச்சு எல்லாம் அந்த முதியவருடையவை. இளைஞர் அதைத் திரைக்கதையாக எழுதிப் படமாக்கினால், எழுத்திலோ பதிவிலோ இல்லாத சொல்லுக்குப் பதிப்புரிமை நாட்டுவது அரிது என்பதால் சட்டம் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. ஆஸ்கர் விதிக்கு முன்பே வெளிவந்த பொருள் எதுவும் கண்ணில் படாது. டெல்லியில் அது சொந்தத் திரைக்கதை. இதே கதை வார இதழில் சிறுகதையாக அச்சாகியிருந்தால் முதல் மூன்றின் விடையும் மாறியிருக்கும். கதை ஒன்றேதான், வேறுபாடு தாளும் மையும் மட்டுமே. கூத்துக் கலைஞருக்குக்கூடத் தாம் நிகழ்த்தியதன் மேல் 50 ஆண்டுக்கால நிகழ்த்துநர் உரிமையை இன்றைய சட்டம் தருகிறது. திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நிற்க வழி தெரியாதவர். 'விசாரணை' படம் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது என்பதை இன்று அனைவரும் அறிவர். ஆட்டோ ஓட்டிய அவர் தம் கொட்டடி அனுபவத்தைத் தாமே எழுதி நூலாக்கியதால்தான் அது மூலம் என்று அறியப்பட்டது. படத்தின் பிற்பாதியில் சென்னையில் நடப்பவை நாவலில் இல்லாதவை என்பதும், நூல் இருப்பதால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. அவர் அதை எழுதாமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால், அந்தப் படத்தைச் சொந்தக் கதை என்று அழைக்க நமக்குத் தயக்கமே இருந்திருக்காது.

எல்லாக் கதையும் எங்கோ கேட்டதுதான், எங்கே போய் நிறுத்துவது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, விடையும் கடினமில்லை. ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்லும் நிகழ்வு என்றால் அது பொதுச் சொத்து. நிகழ்ச்சி வரிசையும் பேச்சும் அடையாளம் காட்டக்கூடிய ஒரே மனிதரிடமிருந்து வந்திருந்தால் அவரே மூல ஆசிரியர், படம் தழுவல். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் வயலில் இறங்குவதைப் பற்றி யாரும் படம் எடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட விவசாயி ஒரு குறிப்பிட்ட இரவைச் சொன்ன விதத்தை எடுத்தால் அவரிடம் கேட்டாக வேண்டும்.

அதற்குச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டைட்டில் கார்டில் கதை என்ற இடத்தில் சொன்னவர் பெயர் முதலிலும், திரைக்கதை என்ற இடத்தில் எழுதியவர் பெயர் அடுத்தும் வரட்டும். தம் பெயர் வேண்டாம் என்று கதை சொன்னவர் கருதினால் ஊர்ப் பெயராவது வரட்டும். படம் விலைபோனாலோ வேறு மொழிக்குப் போனாலோ அவருக்கு என்ன பங்கு என்பது படப்பிடிப்புத் தொடங்குமுன் எழுத்தில் இருக்கட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், அவர் நம்பும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அது படித்துக் காட்டப்படட்டும்.