இரைப்பை பேண்ட்: போட்ட பிறகுதான் வேலையே

எடையைக் குறைக்க இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பேண்ட் என்ற பட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று என் மைத்துனர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அறுவை சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. எடை இறங்கியது, சர்க்கரை மாத்திரையும் குறைந்தது. எரிச்சலெல்லாம் அதன் பிறகு பேண்டைக் கூட்டிக் குறைக்கும் வேலையின் மீதுதான்.

வயிற்றுத் தோலுக்கடியில் தசையோடு சேர்த்துத் தைத்திருக்கும், குழாயால் பேண்டோடு இணைந்த போர்ட் என்ற சிறு அறையில் ஊசி போட்டுச் சலைன் ஏற்றினால் பேண்ட் இறுகும், எடுத்தால் தளரும். ஏற்றியவுடன் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். இறங்கிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் தண்ணீர் இறங்குவது வேறு, களி இறங்குவது வேறு. தருமபுரிப் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். அரை மில்லி சலைன் கூடிப்போனால் அந்த உருண்டை நடு மார்பில் நின்றுகொள்ளும். வாயெல்லாம் எச்சில் ஊறும். விருந்தில் பாதியில் எழுந்து கொல்லைப்புறம் போக வேண்டியிருக்கும். அதே பேண்ட் மாம்பழ ஜூஸை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விடும். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகள் நிரம்பும் மாதங்களில் என் எடை ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

இரவில் படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி இருமல் வந்தால், இறுக்கம் மிஞ்சிவிட்டது என்று பொருள். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் சலைனைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் வாந்தி தொடர்ந்தால் பேண்ட் இடம் நழுவக்கூடும். எடுப்பதற்குத்தான் இங்கே ஆளில்லை. உள்ளூரில் ஒரு மருத்துவர், நல்ல எண்ணத்தோடுதான், சாதாரண ஊசியாலேயே எடுத்துவிடலாம் என்றார். போர்ட்டுக்கு ஹியூபர் ஊசிதான் போட வேண்டும். மற்ற ஊசி அதன் சிலிக்கானைத் துருவி எடுத்துவிடும், பிறகு சலைன் கசியத் தொடங்கும். வேண்டாமென்று மறுத்துவிட்டுப் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இப்போது பெரும்பாலோர் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறைக்குப் போய்விட்டதால், பேண்ட் போட்டவரைப் பார்ப்பதே மருத்துவர்களுக்கு அரிதாகிவிட்டது.

இத்தனைக்கும் அளவு சரியாக அமைந்துவிட்ட மாதங்களில், இரண்டு இட்லியோடு பசி அடங்கி, மதியம் வரை சாப்பாட்டு நினைப்பே இல்லாமல் இருக்கும் நிம்மதியை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

ஆனாலும் மைத்துனரிடம் வேண்டாமென்றே சொன்னேன். அப்படியானால் உங்களுடையதை எடுத்துவிட வேண்டியதுதானே என்று அவர் கேட்டபோது, அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.