சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டுப் பூவாளிக்குத் திரும்பினேன்

மாடியில் தோட்டம் போட்டு ஆறு வருடம் ஆகிறது. மூன்றாம் வருடம், தினமும் தண்ணீர் ஊற்றுவது பெரிய வேலையாகத் தோன்றியதால், டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் பொருத்தினேன். நான்கே மாதத்தில் கழற்றிவிட்டேன். செடிகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தக்காளிக் காய்களின் அடிப்பாகம் கறுத்து, குழிந்து, அழுகிப்போனது. ஏதோ நோய் என்று நினைத்துக் கண்டதையெல்லாம் தெளித்தேன். உண்மையில் அது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் சத்து இருந்தும் காய்வரை வராது. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சொட்டுநீர் வந்ததும் அந்த அழுகல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆக, விளைச்சல் மட்டும்தான் கணக்கு என்றால் யோசிக்காமல் போடலாம்.

ஆனால் தண்ணீர் தானாகப் போகிறது என்றானதும் மாடிப்படி ஏறுவதே குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், செம்பருத்தியின் நுனிகளெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் தண்டில் எறும்புகள் மேலும் கீழும் ஓடும். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பூவாளியோடு நின்ற நாட்களில் அந்த எறும்பு வரிசைதான் முதலில் கண்ணில் படும். அங்கேயே விரலால் நசுக்கி முடித்துவிடுவேன். இந்த முறை பாதிக் கிளைகளை வெட்ட வேண்டியதாயிற்று. மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். மூன்று வாரம் அந்த வாடையோடு கழிந்தது.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. காய்ந்த மண்ணில் துளி விழும்போது எழும் வாசனைக்கு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் முக்கியக் காரணம். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். குழாயிலிருந்து சத்தமில்லாமல் கசியும் நீர் அதைக் கிளப்பவே இல்லை. நான்கு மாதம் அந்த வாசனை இல்லாமல் இருந்திருக்கிறேன் என்பது, பூவாளியை மறுபடி கையில் எடுத்த அன்றுதான் உறைத்தது.

பூவாளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 8 லிட்டர் பிடிக்கும் தகரப் பூவாளி. நிறைத்தால் கை வலிக்கும். நான் பாதிதான் நிறைப்பேன். துளைகளில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் இரவு முழுக்க வினிகரில் ஊறப் போட்டால் போதும். ஒரே அறிவுரை: தலையைக் கழற்றி மாட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நாற்றுகளுக்கு அதைத் திருப்பி மேல்நோக்கி மாட்டினால் தண்ணீர் தூறலாக இறங்கும்.

இப்போது காலை இருபது நிமிடம் அதற்குத்தான். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான். விடியும்போது விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீ வராத நாட்களில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவுவேன். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். நாலைந்து நாளில் பிஞ்சு பருத்தால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மஞ்சளாகி விழுந்தால் அடுத்த பூவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தக்காளியில் பக்கக் கிளை கிள்ளினால் விரலில் ஒட்டும் பச்சை மணம், இரண்டு முறை சோப்பு போட்டாலும் போகாது. எனக்கு அது பிடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

எலுமிச்சைச் செடியைக் காய்க்காக வைத்தேன். இதுவரை காய்த்தது மூன்று. மற்றபடி அது பட்டாம்பூச்சிகளின் சொத்து. புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருப்பதால், முதல் வருடம் இலையில் அசிங்கம் என்று துடைக்கப் போனேன். வளர்ந்து பச்சையானதும் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பாதி இலை போனாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

மற்ற பொருட்கள் சுருக்கமாக. பிளாஸ்டிக் க்ரோ பேக்குகள் வெயிலில் இற்று மூன்றாம் வருடம் கைப்பிடியோடு கையில் வந்தன. ஈரப் பையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. துணிப் பைகள் இன்னும் தாங்குகின்றன, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். மண்ணுக்குப் பதில் போடும் தேங்காய் நார்த்தூளான கோகோ பீட்டைக் கழுவாமல் போட்டு, அதிலிருந்த உப்பால் ஒரு தட்டு நாற்று முழுக்கக் கருகியது. இப்போது மூன்று முறை அலசுகிறேன். அதில் மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும், விரலை விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர்.

சொட்டுநீர்க் குழாயைத் தூக்கிப் போடவில்லை. வெளியூர் போகும் வாரங்களில் மட்டும் மாட்டிவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் மேலே ஏறி, முதலில் செம்பருத்தித் தண்டில் எறும்பு ஓடுகிறதா என்று பார்க்கிறேன்.