வியாசர்பாடிக்கு வந்த செஸ் பார்சல்கள்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். "டீச்சர், பசங்க அட்டை போர்டுல ஆடுறாங்க, நல்ல செட்டா வாங்கிக் குடுங்க" என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்களும் கைகொடுத்தார்கள். அந்தப் பணத்தில் எட்டு செட், ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் இரண்டு கிளாக், சில புத்தகங்கள் வாங்கினேன். எல்லாமே ஆன்லைனில். எது தேறியது, எது திரும்பிப் போனது என்று எழுதி வைத்தால், பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ பிள்ளைக்கு வாங்க நினைக்கும் பெற்றோருக்கு உதவும்.

எல்லாப் பொருளும் விற்கும் பெரிய தளங்களில் செஸ் செட் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். அதில் பெரும்பகுதி விளையாட்டுச் சாமான்தான். காந்தம் வைத்த மடக்கு போர்டு ரயில் பயணத்துக்குச் சரி. போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு ஆகாது. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் அளவு இது: ராஜாவின் உயரம் ஏறக்குறைய 9.5 செ.மீ., ஒரு கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய் அடங்கினால் காயும் போர்டும் பொருந்துகின்றன. சின்ன போர்டிலேயே பழகிய பிள்ளைகள் அரங்கில் பெரிய போர்டின் முன்னால் உட்கார்ந்ததும், தூரத்து மூலையில் நிற்கும் மந்திரியை (பிஷப்) பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடமே இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அளவில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

விற்பவருக்குச் செஸ் தெரியுமா என்பதை அவர் போட்டிருக்கும் படமே சொல்லிவிடும். ஆடுபவரின் வலது கைப்பக்கம் முதல் வரிசையின் மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில் நிற்க வேண்டும். இதையே தப்பாக அடுக்கிப் படம் எடுத்திருக்கும் கடைகள் எத்தனையோ! அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். பள்ளிக்கு வந்த ஒரு போர்டில் ஓரத்து எழுத்தும் எண்ணும் மாறி அச்சாகி, கறுப்பாக இருக்க வேண்டிய ஏ1 (வெள்ளைக்காய் ஆடுபவரின் இடது மூலைக் கட்டம்) வெள்ளைக் கட்டமாக இருந்தது. இப்போதுதான் நகர்த்தல் எழுதப் பழகும் குழந்தை முன்னால் அதை வைக்க முடியுமா? அன்றே திருப்பிவிட்டேன். பணம் வந்தது, ஆனால் இழுத்தடித்துத்தான் வந்தது.

கடைசியில் எட்டு செட்டையும் செஸ் சாமான் மட்டும் விற்கும் ஒரு தளத்தில் வாங்கினேன். ராஜாவின் உயரம், அடிப்பாகத்தின் அகலம், மொத்த எடை, கட்டத்தின் அளவு என்று எல்லாமே அங்கே எழுதியிருந்தது. அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய்கள், சுருட்டி வைக்கும் வினைல் போர்டு, ஒரு பை. செட்டுக்கு 34 காய், அதாவது இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு ராணி. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லும் பழக்கம் வகுப்பில் இதனால் ஒழிந்தது. போட்டியில் அப்படி வைத்தால் அது யானையாகவே கணக்காகும், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். காய்கள் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தும் இதுவரை ஒன்றும் உடையவில்லை. சில சிப்பாய்களின் அடித்துணி மட்டும் பிரிந்தது. பசை போட்டு ஒட்டிவிட்டோம். போர்டு வந்த புதிதில் சுருண்டுகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு ராத்திரி வைத்தபின் படிந்துவிட்டது.

மரக்காய் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் நல்ல மரக்காய்கள் அமிர்தசரஸில்தான் அதிகம் செய்கிறார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் போகிறது. ஒரு செட்டில் குதிரையைச் செதுக்குவதுதான் பெரிய வேலை, விலையும் அதைப் பொறுத்துத்தான் ஏறும். வாங்கும்போது குதிரையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனால் பள்ளிக்கு வேண்டாம். குதிரையின் காதும் ராஜாவின் சிலுவையும் முதலில் போகும். ராயபுரம், காசிமேடு மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால் மூடிய பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாக் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். முள் வைத்த பழைய கிளாக் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இன்றைய போட்டிகளுக்கு உதவாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூட்டித் தரும் ஆட்டத்தை அதில் ஆட முடியாது. டிஜிடி 3000 என்ற டிஜிட்டல் கிளாக் நன்றாக இருக்கிறது, பள்ளிக்கு விலைதான் அதிகம். நான் வாங்கியது அதைவிட மலிவான வேறு கம்பெனியுடையது. விநாடி கூட்டும் வசதி உண்டா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகுதான் ஆர்டர் போட்டேன்.

புத்தகத்தில்தான் மனம் கசந்தது. ஹங்கேரியின் செஸ் ஆசிரியர் லாஸ்லோ போல்கர் தொகுத்த, புதிர்களும் ஆட்டங்களுமாக 5334 கொண்ட தடித்த புத்தகத்தை மலிவாகக் கண்டு ஆர்டர் போட்டேன். வந்தது திருட்டு அச்சு. கறுப்புக் கட்டங்களில் மை அப்பியிருந்தது; நிற்பது மந்திரியா சிப்பாயா என்று ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தும் தெரியவில்லை. படம் தெளிவில்லாத புதிர்ப் புத்தகத்தை என்ன செய்வது? அதையும் திருப்பிவிட்டு, அசல் பதிப்பை வேறு கடையில் கூடுதல் விலைக்கு வாங்கினேன். ஒரு ரூபாய்கூட வீணில்லை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் பக்கத்துக்குப் பக்கம் படம்தான். ஒரே நகர்த்தலில் மேட் செய்யும், அதாவது எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கும் 306 புதிர்களில் தொடங்குகிறது. அடுத்து வரும் 3412 இரண்டு நகர்த்தல் புதிர்களில் பல, யோசித்து அமைத்தவை. நிஜ ஆட்டத்தில் வராத நிலைகள். அவற்றை வரிசையாகப் போடச் சொல்லாமல் நானே பொறுக்கிக் கொடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு மீனவர் வீட்டுப் பெண் அந்த 306-ஐயும் முடித்துவிட்டு, "டீச்சர், அடுத்தது குடுங்க" என்று தினமும் வாசலில் நிற்கிறாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவு விலையில் விற்கும் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் சில, நகர்த்தலைப் பழைய முறையில் எழுதியிருக்கும். இ4 என்பதற்குப் பதில் ராஜாவின் சிப்பாய் நான்காம் கட்டத்துக்கு என்று. ஃபிடே அந்த முறையை 1981-லேயே நிறுத்திவிட்டது. மாதிரிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மாதிரிப் பக்கம் காட்டாத கடையில் நான் புத்தகம் வாங்குவதில்லை.

பார்சல் வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் டெலிவரி தம்பிகள் சுற்றித்தான் வர வேண்டும். முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி, பக்கத்தில் உள்ள கோயில் பெயரையும் சேருங்கள். புத்தகப் பார்சல் அட்டைப்பெட்டியில் வருமா, வெறும் பிளாஸ்டிக் உறையிலா என்று முன்கூட்டியே கேளுங்கள். உறையில் என்றால் நவம்பர், டிசம்பரில் ஆர்டர் போடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த போர்டைத் திருப்பியபோது கடைக்காரர் முதலில் கேட்டது அதைத்தான்.